அண்டிப்பருப்பும் கடல் மீனும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

மலையும் கடலும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்த மாவட்டம் எங்கள் குமரி மாவட்டம். விடியற்காலையில் மலையடிவாரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், மதியத்திற்குள் குளச்சல் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். மலைப்பக்கம் மிளகும் கொல்லாமரமும். கடற்பக்கம் நெய்மீனும் பாரையும். இவ்விரு பக்கத்துச் செல்வங்களும் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் ஒன்றாய்ச் சேர்ந்ததைப் பற்றித்தான் இம்மலரில் எழுத விழைகிறேன்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். பிற மாவட்டத்தார் முந்திரிப்பருப்பு என்று சொல்வதை நாங்கள் அண்டிப்பருப்பு என்போம். அந்த மரம் எங்களுக்குக் கொல்லாமரம். சென்னையில் வஞ்சிரம் என்றும் தூத்துக்குடியில் சீலா என்றும் விற்கும் மீன் எங்களுக்கு நெய்மீன். எங்கள் மாவட்டம் 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் மலையாள நாட்டோடு இருந்ததால் இப்படிப் பல சொற்கள் எங்கள் நாவில் தங்கிவிட்டன.

கொல்லாமரம் நம் நாட்டு மரமன்று என்பதை அறியும்போது பலரும் வியப்படைவர். அது தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டு மரம். 16 ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அதனை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். நாம் நாள்தோறும் அரைக்கும் மிளகாயும் அவர்கள் வழியாகவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1541 இல் லிஸ்பன் நகரிலிருந்து அவர்களுடைய கப்பலில் புறப்பட்ட புனித சவேரியார், 1542 இல் கோவாவில் இறங்கி, 1544 இல் எங்கள் கடற்கரை ஊர்களில் மறைப்பணி செய்தார். போர்ச்சுக்கீசியர் கடல் தாண்டித் தேடி வந்தது நம் மலையில் விளையும் மிளகை. விட்டுச் சென்றவற்றுள் கொல்லாவும் மிளகாயும் அடங்கும். நான் சொல்லப்போகும் பண்டத்தில் இம்மூன்றும் ஒரே மீனின்மேல் சேர்ந்திருக்கின்றன!

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் சனிக்கிழமைச் சமையல் வகுப்பில் சிஸ்டர் ஒரு புதிய பண்டத்தைச் செய்து காட்டினார்கள். முள் நீக்கிய மீன் துண்டை 'பில்லெட்' என்பார்கள். அதன் ஒரு பக்கத்தில் வாதுமைப் பருப்பையும் வாசனைப் பொருள்களையும் இடித்து அப்பி, சூட்டடுப்பில் வைத்து எடுத்தார்கள். மேலே மொறுமொறுவென்று ஒரு பொருக்கு. உள்ளே பஞ்சு போன்ற மீன். எகிப்து நாட்டில் கொட்டைப் பருப்பு, கொத்தமல்லி விதை, சீரகம், எள், உப்பு ஆகியவற்றை வறுத்து இடித்து 'துக்கா' என்றொரு பொடி செய்வார்களாம். இடித்தது என்பதே அச்சொல்லின் பொருளாம். ரொட்டியை எண்ணெயில் தோய்த்து அதைத் தொட்டு உண்பார்கள். மீன்மேல் அப்பியும் சமைப்பார்கள். இவையெல்லாம் சிஸ்டர் சொல்லக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே என் மனம், "வாதுமை எதற்கு? நம் வீட்டுப் பின்புறம் கொல்லாமரம் நிற்கிறதே!" என்றது.

ஆனால் எங்கள் வீட்டில் அண்டிப்பருப்பைச் சமைப்பது அவ்வளவு எளிதான காரியம் அன்று. ஏனென்றால் என் அம்மா அண்டி ஆலையில் வேலை செய்கிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை, பருப்பை மட்டுமே கண்டவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். நம் தோட்டங்களில் கிடைக்கும் கொட்டை ஆலைகளுக்குப் போதாது. ஆகவே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாய் வருகிறது. அதை வெயிலில் உலர்த்தி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ எடுத்து, ஓட்டை உடைப்பார்கள். ஓட்டுக்குள் கரிய எண்ணெய் ஒன்று இருக்கிறது. அது தோலில் பட்டால் வெந்து கொப்புளமாகும். மாங்காய்ப் பால் பட்டால் உதடு புண்ணாகுமல்லவா? மாவும் கொல்லாவும் ஒரே குடும்பத்து மரங்கள். ஆனால் கொல்லாவின் எண்ணெய் அதைவிடப் பன்மடங்கு கொடியது. அதனால்தான் உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். அப்படிப் பூசியும் விரல்களும் நகங்களும் கறுத்துப் போகின்றன. அதே எண்ணெய் வண்ணப்பூச்சு செய்யவும் வண்டிகளின் தடைக்கட்டைகள் செய்யவும் பயன்படுகிறது என்றால் அதன் வீரியத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

உடைத்த பருப்பை 'போர்மா' என்னும் சூட்டறையில் உலர்த்திய பிறகு, மேலுள்ள செந்தோலை ஒவ்வொன்றாய் உரிக்க வேண்டும். பிறகு தரம் பிரிக்க வேண்டும். ஒரு ராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 454 கிராமுக்கு, எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதே தரத்தின் கணக்கு. 180 என்றால் பெரிய பருப்பு; 320 என்றால் சிறியது. முழுப்பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, நொறுங்கியதற்கு மிகக் குறைந்த விலை. என் அம்மா ஓடு உடைக்கும் பகுதியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது தோல் உரிக்கும் பகுதியில் இருக்கிறார்கள். உரித்த எடைக்குத்தான் கூலி. பருப்பு உடைந்தால் அது உரித்தவரின் கணக்கில் குறையாக எழுதப்படும். ஆகவே ஒரு பருப்பு 'டக்'கென்று உடையும் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு நெஞ்சு திடுக்கிடும்.

கிறிஸ்துமசுக்குக் கேக்கில் போட அப்பா கடையிலிருந்து 50 கிராம் பொட்டலம் வாங்கி வருவதைத் தவிர, எங்கள் வீட்டுச் சமையலில் அண்டிப்பருப்பு சேர்ந்ததில்லை. அந்தக் கேக்கிலும் அம்மா பருப்பை ஒதுக்கிவிட்டுத்தான் தின்பார்கள். கேட்டால், "பகல் முழுக்க அந்த மணம்தான் மூக்கில. வீட்டுக்கு வந்தும் அதுதானா?" என்பார்கள். பின்புறத்து மரத்தில் கிடைக்கும் கொட்டையையும் ஆண்டுதோறும் கடையில் எடைக்குப் போட்டுவிடுவோம்.

கடந்த கோடை விடுமுறையில், மே மாதக் கடைசியில், நான் துணிந்து கேட்டேன். "அம்மா, இந்த வருஷம் ஒரு கிலோ கொட்டை மட்டும் எனக்கு எடுத்து வையுங்கம்மா. சிஸ்டர் சொல்லித் தந்த மீன் செய்யணும்." அம்மா ஏற இறங்கப் பார்த்தார்கள். அப்பாதான், "பிள்ளை ஆசையாக் கேக்குறா. ஒரு கிலோதானே!" என்று பரிந்து பேசினார்கள்.

ஞாயிறு காலையில் அம்மா முற்றத்து ஓரத்தில் மூன்று கல் கூட்டி, பழைய ஓட்டைச் சட்டியில் கொட்டையைப் போட்டு வறுத்தார்கள். எண்ணெய் கசிந்து தீப்பற்றியது. கரும்புகை கண்ணைக் கரித்தது. என்னையும் தம்பியையும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். (வாசகத் தோழியரே, பெரியவர் துணையின்றி இதை நீங்கள் ஒருபோதும் செய்யக் கூடாது. கடையில் வாங்கிய பருப்பே போதும்.) வறுத்ததைச் சாம்பலில் கொட்டிப் புரட்டி, கல்லால் ஒரே தட்டு, ஓடு இரண்டாய்ப் பிளந்து முழுப்பருப்பு வெளியே வந்தது. ஒரு கிலோ கொட்டைக்குக் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே பருப்பு தேறியது. அதை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வைத்துத் தோலை இளக்கினார்கள்.

அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, "உரிக்கவாவது எனக்குச் சொல்லித் தாங்கம்மா" என்றேன்.

அம்மா தலை நிமிராமலே சொன்னார்கள்: "உரிக்கத் தெரியாமலே இரு மக்களே. தெரிஞ்சவளைத்தான் கூப்பிடுவாங்க."

நான் பேசாமல் இருந்தேன். அதற்கு முந்திய வாரம் அம்மாவோடு வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா, "பத்து முடிஞ்சதும் இவளையும் கூட்டிட்டு வா. சின்ன விரல், வேகமா உரிப்பா" என்று சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று அம்மா பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று எனக்குச் சொன்னார்கள் போலும். எங்கள் வீட்டுக்கு அண்டி வராமல் அம்மா காத்ததற்கு மணம் மட்டுமே காரணமன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் கொத்தமல்லி இடித்து முடிப்பதற்குள் அம்மா பாதிப் பருப்பை உரித்துவிட்டார்கள். இடையில் ஒன்று விரலுக்குள் உடைந்தது. வழக்கம்போலத் திடுக்கிட்டார்கள். "உடையட்டும்மா, இதுக்கு உடைஞ்சதுதான் வேணும்" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒரு முழுப்பருப்பை எடுத்து, இரு விரலால் தானே நெரித்து உடைத்துப் போட்டார்கள்!

இனி மீனைப் பற்றி. எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் அக்கா குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். பேருந்தில் வந்திறங்கி, அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி வீடு வீடாக வருவார். நெய்மீன் எங்கள் கைக்கு எட்டாத விலை. பாரை மீன் தோதான விலை. "முள்ளெடுத்துத் துண்டு போட்டுத் தருவீங்களா அக்கா?" என்று கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முள்ளில்லாத மீனா மக்களே? கடல்ல அப்படி ஒண்ணு நான் கண்டதில்லையே!" என்றாலும் அழகாக அறுத்துத் தந்தார். எங்கள் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருகுவதற்காக அரசு வைத்த தடை அது. "அடுத்த வாரம் பெரிய போட்டு மீன் கிடைக்காது, இப்பவே வாங்கிக்கோ" என்று அவர் சொன்னதும் அதனால்தான். தலையும் நடுமுள்ளும் வீணாகவில்லை. தேங்காய் அரைத்துப் புளி ஊற்றிக் குழம்பாயின.

செய்முறையை விரும்புவோர்க்காகத் தெளிவாக எழுதுகிறேன்.

தேவையானவை: முள் நீக்கிய மீன் துண்டுகள் அரை கிலோ (ஒரு விரல் தடிமனில் 4 துண்டுகள்), அண்டிப்பருப்பு நொறுங்கியது 100 கிராம், கொத்தமல்லி விதை 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகாய் வற்றல் 2, கறிவேப்பிலை ஓர் இணுக்கு, முட்டையின் வெள்ளைக்கரு 1, அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் சிறிது, எலுமிச்சை அரை மூடி, தேங்காய் எண்ணெய், உப்பு.

மீனில் உப்பும் மஞ்சளும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் தடவிப் 10 நிமிடம் வைக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் புளிப்பு ஏறி மீன் வெந்தது போல் விறைத்துவிடும். பிறகு சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். இதுவே மிக முக்கியம். ஈரம் இருந்தால் அது ஆவியாகிப் பொருக்கைத் தள்ளிவிடும்.

கொத்தமல்லி, மிளகு, சீரகம், வற்றல், கறிவேப்பிலை ஆகியவற்றை வெறுஞ்சட்டியில் வாசனை வர வறுத்து, முதலில் இடித்துக்கொள்ள வேண்டும். பருப்பைக் கடைசியில் சேர்த்து ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். அண்டிப்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 44 கிராம் கொழுப்பு இருக்கிறது. ஆகவே இடி அதிகமானால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும். மின் அம்மியில் அரைப்பவர்கள் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். நாங்கள் உரலில் இடித்தோம்.

மீனின் ஒரு பக்கத்தில் அரிசி மாவை மெல்லத் தூவி, அடித்த வெள்ளைக்கருவைத் தடவி, இடித்த கலவையை உள்ளங்கையால் அழுத்தி அப்ப வேண்டும். மாவு ஈரத்தை உறிஞ்சும். வெள்ளைக்கரு சூட்டில் இறுகிப் பருப்பைப் பிடித்துக்கொள்ளும். அப்பிய பின் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் பிடிப்பு உறுதியாகும்.

சூட்டடுப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தோசைக்கல்லில் 3 தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் பொருக்குப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து 3 நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை திருப்பி 4 நிமிடம். தீ அதிகமானால் மீன் வேகுமுன் பருப்பு கருகும். கரண்டி நுனியால் அழுத்தினால் சதை வெண்மையாய் இதழ் இதழாய்ப் பிரிய வேண்டும், அதுவே பதம். மூடி போடக் கூடாது; போட்டால் ஆவியில் பொருக்கு நமத்துப் போகும். கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

அன்று மதியம் முதல் துண்டை நான் அம்மாவின் தட்டில் வைத்தேன். அம்மா எப்போதும் எல்லாரும் உண்ட பிறகே உட்காருவார்கள். அன்று அப்பா, "நீ முதல்ல இரி" என்று சொல்லிவிட்டார்கள். நானும் தம்பியும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒதுக்கிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அம்மா பொருக்கோடு ஒரு வாய் பிட்டு மென்றார்கள்.

"இதுல எத்தனை பருப்பு போட்டே?" என்று கேட்டார்கள்.

"நூறு கிராம்மா."

"320 தரத்துக் கணக்குன்னா எழுபது பருப்பு" என்றார்கள் யோசிக்காமலே. கறுத்த நகத்தால் தட்டோரத்தில் உதிர்ந்த துகள்களைக் கூட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். "எழுபதும் நம்ம வீட்டுக்குத்தான்!" என்று சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது துண்டையும் அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

பின்னர் நான் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். 454 கிராமுக்கு 320 என்றால் 100 கிராமுக்கு 70 பருப்பு. கணக்கு சரியாக இருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என் அம்மா. கணக்கு அவர்களுக்கு விரலிலேயே இருக்கிறது. அந்த விரல் எனக்குக் கணக்கைச் சொல்லித் தரும். உரிப்பதை மட்டும் சொல்லித் தராது. இன்றுவரை எனக்கு அண்டி உரிக்கத் தெரியாது. அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த எண்ணெய் தோலைச் சுடாமல் காக்க ஒரு நல்ல பூச்சு இருந்தால் எத்தனை கைகள் பிழைக்கும் என்று அடிக்கடி எண்ணுவேன்.

அன்புத் தோழியரே! உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, இரவெல்லாம் வலை வீசிக் களைத்துவந்த சீடர்களுக்குத் தம் கையாலேயே மீனும் அப்பமும் பரிமாறினார் என்று புனித யோவான் 21 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உழைத்து வந்தவர்களை உட்காரவைத்து உணவளிப்பது அத்துணை உயர்ந்த செயல். நம் வீட்டிலும் அப்படிக் களைத்து வருபவர் ஒருவர் இருப்பார். பாயசத்தில் மிதக்கும் ஒவ்வொரு பருப்பும் ஒரு பெண்ணின் விரல் பட்டு வந்தது. தட்டில் விழும் ஒவ்வொரு மீன் துண்டும் ஒருவர் அலையில் இறங்கியும், இன்னொருவர் தலையில் சுமந்தும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இந்த மீனை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். முதல் துண்டை யாருடைய தட்டில் வைக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.